எழுத்துக்குள்ளே ஒரு தையல்

சமையலறை அலமாரியிலிருந்து மஞ்சள் டப்பா ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பேத்தி எழுத்துக்கூட்டினாள். இரண்டாம் வகுப்பு. கண்ணில் படுவதையெல்லாம் படிக்கும் பருவம். பேருந்துப் பலகை, சோப்பு உறை, மின்கட்டண அட்டை என எதுவும் அவளிடமிருந்து தப்புவதில்லை. "கூ... கூட்... கூட்டுப் பெ... பெருங்... பெருங்காயம்." சற்று நேரம் டப்பாவையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "கூட்டுல பெரிய காயமா, தாத்தா?"

அவள் பாட்டி சிரித்துக்கொண்டு நின்றதில் ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு படுத்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. அவள் செய்ததில் பிழை எங்கே என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. 'பெருங்' என்பதன் கடைசி 'ங்', அடுத்து வரும் 'கா'வுக்காக வந்து உட்கார்ந்தது. அதை எழுப்பிவிட்டால் உள்ளே 'பெரு' என்று பழகிய முகம் ஒன்று தெரியும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மிச்சம் இருப்பது காயம். அவளுக்குத் தெரிந்த காயம் முழங்காலில் வருவது. உறைப்பு, காரம் என்று பொருள்படும் இன்னொரு காயம் இன்று தனியே நடமாடுவதில்லை. பெருங்காயத்திலும் வெங்காயத்திலும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்திலும் ஒண்டிக்கொண்டு காலம் தள்ளுகிறது. கூட்டு என்றால் தட்டில் விழும் கூட்டு. பல சரக்கைக் கூட்டிச் செய்தது என்ற பொருள் ஏழு வயதுக்கு எப்படித் தெரியும்? கத்தி சரியாகத்தான் இறங்கியிருக்கிறது. வெட்டி எடுத்த துண்டுக்குத்தான் அவளிடம் வேறு விலை.

இன்னொன்றும் உறுத்தியது. வெங்காயம் என்ற சொல்லைக் கடைப் பலகைகளில் அவள் எத்தனையோ தரம் படித்திருக்கிறாள். அதற்குள்ளும் அதே காயம் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. 'வெங்' என்பது அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை, 'பெருங்' சொல்லியது. காரணம் அவ்வளவுதான். இரண்டு துண்டும் வாய் திறந்து பேசினால்தான் குழந்தை சொல்லைப் பிரிக்கிறது. ஒரு துண்டு ஊமையாக இருந்தால் முழுதாகவே எடுத்துக்கொள்கிறது. ஒட்டகச்சிவிங்கி என்ற சொல்லில் ஒட்டகம் எல்லோருக்கும் தெரியும். சிவிங்கி என்றால் புள்ளி போட்ட வேட்டைச் சிறுத்தை என்று எத்தனை பெரியவர்களுக்குத் தெரியும்? தெரியாததால் அந்த விலங்குக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

1958-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரைக்காக ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் நான்கு முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகளிடம் பறவை போன்ற ஒரு படத்தைக் காட்டி, இதன் பெயர் 'வக்' என்றார். எந்த அகராதியிலும் இல்லாத சொல். இப்போது இன்னொன்றும் வந்துவிட்டது, மொத்தம் இரண்டு என்ன? 'வக்ஸ்' என்றார்கள் குழந்தைகள். கேட்டறியாத சொல்லுக்குப் பன்மை விகுதி போட்டுவிட்டார்கள். மொழியியல் கற்பவர்கள் எல்லோருக்கும் அந்தப் பறவையைத் தெரியும். எனக்குப் பிடித்தது அதே கட்டுரையில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு பகுதி. கூட்டுச்சொற்கள் சிலவற்றுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று பெர்கோ குழந்தைகளிடமே கேட்டார். காலை உணவு ஏன் 'பிரேக்ஃபாஸ்ட்'? பள்ளிக்கூடத்துக்கு ஓடும் அவசரத்தில் வேகமாகச் சாப்பிட வேண்டியிருப்பதால் என்றது ஒரு பிள்ளை. 'ஃபாஸ்ட்' என்பதற்கு நோன்பு என்றும் ஒரு பொருள் உண்டு என்பதை அது அறியாது, வேகத்தை அறியும். வெள்ளிக்கிழமை ஏன் 'ஃபிரைடே'? 'ஃபிரை' பண்ணிய மீன் சாப்பிடும் நாள் அது. இந்தப் பிள்ளைகளும் என் பேத்தியும் கடல் தாண்டிய பங்காளிகள்.

நான் முப்பது ஆண்டுகள் புரூஃப் பார்த்துப் பிழைத்தவன். ஈய எழுத்துக் காலத்தில் தொடங்கி, கணினிக் காலத்தில் கண்ணாடியைக் கழற்றினேன். சொற்களை எழுத்தெழுத்தாகப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கிய ஆள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கண் எழுத்தைப் பார்க்கவே மறுக்கும். தலையைப் பார்க்கும், வாலைப் பார்க்கும், நடுவில் இருப்பதைத் தானே போட்டுக்கொள்ளும். 'எடுத்துக்கொண்டிருந்தார்' என்ற சொல்லில் அச்சுக் கோப்பவர் ஒரு 'ருந்தி'யைக் கூடுதலாகக் கோத்து 'எடுத்துக்கொண்டிருந்திருந்தார்' ஆக்கிவிட்டால், மூன்று பேர் பார்த்த ஃபாரம் அப்படியே மெஷினுக்குப் போகும். துண்டுகள் எல்லாம் நல்ல துண்டுகள், ஒன்று அதிகம், அவ்வளவுதான். தலை எழுத்தில் பிழை இருந்தால் குருடனும் பிடிப்பான். விகுதியில் 'ள்' 'ர்' ஆகிப்போன பிழைதான் ஆசிரியரிடமிருந்து கடிதமாகத் திரும்பி வரும். அதற்காகத்தான் ஒருவர் மூலப்படியை உரக்க வாசிக்க மற்றவர் ஃபாரத்தில் விரல் வைத்துப் பார்ப்பது என்ற ஏற்பாடு. கண் விட்டதைக் காது பிடிக்கும்.

அப்படியானால் பெரியவர்கள் சொல்லைப் பிரிப்பதே இல்லையா? பிரிக்கிறார்கள். தமக்கே தெரியாமல், கண்மூடித்தனமாகப் பிரிக்கிறார்கள். 2004-இல் கேத்லீன் ராஸ்டில், மேத்யூ டேவிஸ், போரிஸ் நியூ என்ற மூவர் வெளியிட்ட ஆங்கிலச் சோதனை ஒன்று இதைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் மூலைக்குக் 'கார்னர்' என்று பெயர், சோளத்துக்குக் 'கார்ன்'. சுத்தம் செய்பவரைக் 'கிளீனர்' என்னும்போது கடைசியில் வருகிற 'அர்' வினை செய்பவரைக் குறிக்கும் விகுதி. மூலைக்கும் சோளத்துக்கும் ஒரு உறவும் இல்லை. வால் மட்டும் ஒன்றுபோல இருக்கிறது. திரையில் 'கார்னர்' என்ற சொல்லை நொடியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் காட்டி மறைத்துவிடுகிறார்கள். ஏதோ ஒரு சொல் வந்துபோனது என்பதே பார்ப்பவருக்குத் தெரியாது. உடனே 'கார்ன்' என்று காட்டி, இது சொல்தானா என்று கேட்டால், பதில் வழக்கத்தைவிடச் சுருக்காக வருகிறது. மூளை மூலையிலிருந்து வாலைக் கழற்றிச் சோளத்தை எடுத்து வைத்திருக்கிறது! கழற்றுவதற்கு விகுதி போன்ற ஒரு வால் இல்லாத சொல்லில், முன்பாதி முழுச் சொல்லாகவே இருந்தாலும், இந்த வேகம் வருவதில்லை. பொருள் என்ன என்று பார்ப்பதற்கு முன்பே கத்தி இறங்கிவிடுகிறது. பொருள் பின்னால் வந்து, வெட்டியது தப்பு என்று ஒட்டவைக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குப் பள்ளிக்கூடத்துத் தமிழ் வகுப்பு ஞாபகம் வந்தது. மொழி மூவகைப்படும் என்கிறது நன்னூல்: ஒருமொழி, தொடர்மொழி, பொதுமொழி. பொதுமொழிக்கு வழக்கமாகச் சொல்லும் உதாரணங்கள் எட்டு, தாமரை, வேங்கை. தாமரை என்றால் பூ, பிரித்தால் தா, மரை, தாவுகிற மான். வேங்கை மரமும் புலியும்; பிரித்தால் வேகின்ற கை. எட்டு ஓர் எண், பிரித்தால் எள், து, எள்ளைத் தின். பின்வரிசையில் இருந்த நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். குளத்தில் தாமரையைப் பார்த்து எவனுக்கடா மான் ஞாபகம் வரும்? இலக்கணக்காரர்கள் வேலையில்லாமல் செய்த வேலை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நன்னூல் செய்த பவணந்தியாரிடம் நொடியைச் சீவும் கருவி ஏதும் இருந்ததில்லை. ஆனாலும் ஒரு சொல் நின்ற நிலையில் ஒன்றாகவும் பிரிந்த நிலையில் வேறாகவும் இருக்கும் என்பதைக் கவனித்து, அதற்குத் தனியாக ஒரு பெயரும் வைத்தார் 13-ஆம் நூற்றாண்டு மனிதர். பிரிமொழிச் சிலேடை என்று அணியிலக்கணம் ஒரு வகையே வைத்திருப்பதும், காளமேகம் அதில் விளையாடியதும் இந்தக் கத்தியின் கூர்மையை நம்பித்தான். ஓடாத மான் எது, அந்தமான் என்று பிள்ளைகள் கடிப்பதும் அதே சரக்கு, சில்லறை விலையில்.

வேடிக்கை இனிமேல்தான். ராஸ்டில் குழுவினர் பெரியவர்களிடம் கண்டதை எலிசபெத் பேயர்ஸ்மனும் உடன் பணியாற்றியவர்களும் 2012-இல் பிள்ளைகளிடம் தேடினார்கள். மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். 'கிளீனர்' போன்ற நேர்மையான சொற்களில் பிள்ளைகளும் வாலைக் கழற்றினார்கள். 'கார்னர்' போன்ற ஏமாற்றுச் சொற்களில் கழற்றவில்லை. மூலையில் சோளம் தேடும் மூடத்தனம் பெரியவர்களிடம் மட்டும்தான் இருந்தது. பொருள் கைகொடுத்தால் பிள்ளை பிரிக்கிறது, இல்லாவிட்டால் பேசாமல் இருக்கிறது. குருட்டுக் கத்தி பல்லாயிரம் பக்கங்கள் படித்த பிறகு தேய்ந்து தேய்ந்து வருகிற கூர்மை போலிருக்கிறது. வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்றும் வைத்துக்கொள்ளலாம். பெருங்காயத்தைப் பிரித்தவளை அறியாப்பிள்ளை என்று சிரித்தோமே, அந்த அடுப்படியில் குருடர்கள் நாங்கள் இருவரும்தான்.

இத்தனையும் ஆங்கிலத்துச் சமாசாரம். தமிழுக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்டால், எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஆங்கிலத்தில் பகுதி முடிகிற இடத்தில் ஒரு எழுத்து முடிகிறது, விகுதி அடுத்த எழுத்தில் தொடங்குகிறது. தையல் இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் ஓடுகிறது. பின்னிஷ் மொழி நம்மைப் போலவே உருபுகளை அடுக்கிக்கொண்டே போகும். 'தலோ' என்றால் வீடு, 'தலோய்ஸ்ஸானி' என்றால் என் வீடுகளில். அங்கேயும் ரோமன் எழுத்துதான், தையல் எழுத்துகளுக்கு நடுவில்தான். தமிழில் தையல் எழுத்துக்குள்ளேயே விழுகிறது. அவன் என்பதோடு ஐ சேர்ந்தால் அவனை. எங்கே வெட்டுவது? 'ன'வின் மெய் பெயருக்குச் சொந்தம், உயிர் உருபுக்குச் சொந்தம். ஒரே எழுத்துக்கு இரண்டு பட்டாதாரர்கள்.

இன்னும் கூர்ந்து பார்த்தால் சிரிப்புதான் வரும். ஒலிப்பில் கடைசியாக வருகிற ஐ, எழுத்தில் 'ன'வுக்கு முன்னாலேயே கொம்பாக வந்து நிற்கிறது. அதாவது பெயர் முடிவதற்கு முன்பே வேற்றுமை உருபு உள்ளே நுழைந்துவிடுகிறது. 'அவனோடு' இன்னும் மோசம். ஓடு என்ற உருபின் ஓ, 'ன'வுக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலுமாக இரண்டு பக்கமும் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கும் பிள்ளையின் கண்ணுக்கு இங்கே 'அவன்' எங்கேயுமே தெரிவதில்லை. அ, வ, னோ, டு என்றுதான் தெரிகிறது. உரக்கச் சொன்னால்தான் அவனும் ஓடும் காதில் கேட்கும்.

நான் படித்தபோது நிலைமை இதற்கும் கீழே. 'மரத்தை' என்பதில் ஐக்கு வழக்கமான கொம்பு. 'அவனை', 'அவளை', 'கல்லை', 'கண்ணை' என்று வந்தால் அதே ஐக்கு யானைத் தும்பிக்கை. ஒரே இரண்டாம் வேற்றுமைக்கு இரண்டு வேஷம். 1935-இலேயே பெரியார் குடி அரசில் இந்தத் தும்பிக்கைகளை வெட்டிவிட்டார். தமிழ்நாடு அரசு அதை ஏற்றது 1978-இல். அச்சுக் கோப்பவருக்கு எழுத்து மிச்சம் என்றுதான் அப்போது எங்கள் அச்சகத்தில் பேசிக்கொண்டோம். படிக்கிற பிள்ளைக்கு ஒரு உருபு ஒரே முகத்தோடு வருவதால் என்ன கிடைத்தது என்று யாரும் யோசித்ததாக நினைவில்லை. நானும் பேத்தி பிறக்கும் வரை யோசித்ததில்லை.

டப்பா சம்பவத்துக்கு ஒரு வாரம் கழித்து அவள் கதைப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். யானைகள் காட்டு வழியே 'போய்க்கொண்டிருந்தார்கள்'. ஆமாம், அந்தக் கதையில் யானைகளுக்கு உயர்திணை. பன்னிரண்டு எழுத்துச் சொல். "போய்க்... போய்க்கொ... கொண்டி..." என்று வந்து நின்றுவிட்டாள். விரல் 'டி'யின் மேல் இருந்தது. அவள் நின்ற இடம்தான் எனக்குப் பாடம். கொண்டு, இரு. சேரும்போது கொண்டுவின் உகரம் கெடுகிறது; இருவின் இகரம் அந்த இடத்துக்குக் குடியேறி 'டி' ஆகிறது. கண்ணுக்குத் தெரிவது 'கொண்டி' என்ற ஒன்றும் 'ருந்தார்கள்' என்ற ஒன்றும். இரண்டும் அவளுக்கு ஒன்றும் சொல்லாத துண்டுகள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த 'இரு' தலையைத் தொலைத்துவிட்டு நிற்கிறது. நான் சொல்லித் தரலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஒரே மூச்சில் முடித்தாள்: "யானையெல்லாம் காட்டு வழியே போயிட்டிருந்தாங்க."

புத்தகத்தில் இருந்ததில் பாதிகூட அவள் வாயில் வரவில்லை. என் பழைய உத்தியோகப்படி அந்த வரி முழுக்கச் சிவப்பு மை. ஆனால் இப்படித் தப்பாகப் படிக்க வேண்டுமென்றால், 'கொண்டு' வீட்டில் 'ட்டு' ஆகும், 'ஆர்கள்' 'ஆங்க' ஆகும் என்று ஒவ்வொரு துண்டையும் அடையாளம் கண்டு, ஒவ்வொன்றுக்கும் பேச்சுத்துண்டை மாற்றிப் போட்டாக வேண்டும். எழுத்தை மட்டும் பார்த்த பிள்ளைக்கு இந்தப் பிழை வராது. வீட்டில் ஒரு தமிழும் புத்தகத்தில் ஒரு தமிழும் இருக்கிற நம் பிள்ளைகள் படிக்கத் தொடங்கும்போதே பணமாற்றுக்காரர்களாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. வாசிப்புச் சோதனைகளில் இந்த மாதிரிப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அப்படியானால் பிரித்தே அச்சடித்துவிட்டால் என்ன? நமக்கு இது புதிய யோசனையும் இல்லை. ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, புள்ளி வைப்பது அபூர்வம், ரகரமும் காலும் ஒரே உருவம். ஏடு படித்தவர்கள் செய்ததில் பெரும்பகுதி பிரிக்கும் வேலைதான். அச்சு வந்த பிறகும் செய்யுளைச் சீர் பார்த்து அடித்தார்கள், சொல் பார்த்து அடிக்கவில்லை. 1950-களில் மர்ரே எஸ். ராஜம் பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் கொண்டுவந்தார். பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். என் போன்றவர்கள் சங்கப் பாட்டுக்குள் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். எனவே பிரிப்பதற்கு எதிரி என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் இன்றைய சிறுவர் நூல்களில் 'வர வில்லை', 'போய் விட் டான்' என்றெல்லாம் பார்க்கும்போது கை பேனாவைத் தேடுகிறது. பின்லாந்தில் முதல் வகுப்புப் புத்தகங்களில் அசைக்கு அசை சிறு கோடு போட்டுத்தான் அச்சடிக்கிறார்கள். அங்கே துவோமோ ஹைகியோவும் உடன் பணியாற்றியவர்களும் பிள்ளைகளின் கண் அசைவைக் கருவியால் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2011-இல் வெளிவந்த அந்த ஆய்வில், கூட்டுச்சொல்லின் நடுவே கோடு போட்டால் இரண்டாம் வகுப்பில் மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவியாக இருந்தது. அதே வகுப்பில் வேகமாகப் படிப்பவர்களுக்கு அதே கோடு கால் தடுக்கியது. இத்தாலியில் கிறிஸ்டினா புரானி குழுவினர் 2008-இல் கண்டதும் இதன் பக்கத்து வீடு. வாசிப்புக் குறைபாடுள்ள பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளும், தெரிந்த பகுதியும் விகுதியும் கொண்ட சொற்களை, பிரிக்க முடியாத சொற்களைவிட விரைவாகப் படித்தார்கள். தேர்ந்த வாசகர்களுக்கு அந்த வித்தியாசம் இல்லை. இத்தாலியமும் தமிழைப் போல எழுதியபடி ஒலிக்கும் மொழி. ஆக, துண்டு என்பது ஊன்றுகோல். தேவைப்படுகிறவனுக்குக் கொடுக்க வேண்டும், ஓடுகிறவன் காலில் கட்டக் கூடாது. கொடுப்பதாக இருந்தாலும் 'விட் டான்' என்று அசையில் வெட்டி என்ன பயன்? அந்த இரண்டு துண்டில் ஒன்றுகூடப் பிள்ளைக்கு எதையும் சொல்லாதே.

பள்ளிக்கூடத்தில் நாம் செய்வது இதற்கு நேர் தலைகீழ். துண்டு தேவைப்படும் இரண்டாம் வகுப்பில் எழுத்தைக் கூட்டு என்கிறோம். துண்டைத் தாண்டி ஓடத் தொடங்கிய உயர்நிலை வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதச் சொல்கிறோம். நடந்தனன்: நட பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, அன் ஆண்பால் விகுதி. ஆறு உறுப்பும் வரும்படி பொறுக்கி எடுத்த சொல். அதை மனப்பாடம் செய்த தலைமுறையில் நானும் ஒருவன், முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். இது நான் பேசும்போது செய்வதுதான், படிக்கும்போது என் கண் செய்வதுதான் என்று அந்த வகுப்பில் எவரும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அறுவைக் கூடத்துப் பிணம் போல அது மேசையில் கிடந்தது.

பேத்தியிடம் நான் இலக்கணம் பேசுவதில்லை. போன மாதம் நாற்காலியில் ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். கீழே பிடித்துக்கொண்டு நின்றவள், "நாலு கால் இருக்கறதால நாற்காலியா?" என்றாள். ஆமாம் என்றேன். முக்காலியை அவளே கண்டுபிடித்துக் குதித்தாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சுவர் மூலையைக் காட்டி, "தாத்தா, அங்க ஒரு எட்டுக்காலி" என்றாள். எட்டுக்கால் பூச்சி. அந்தச் சொல்லை அவள் எங்கும் கேட்டிருக்க முடியாது. அந்த நிமிஷம் அவளே செய்தது. இறங்கி வந்து, கேரளத்தில் அதற்கு அதுதான் பேர், மலையாளத்தில் எட்டுக்காலி என்றுதான் சொல்வார்கள் என்றேன்.

நம்பாமல் பார்த்தாள். "நான் இப்பதானே வச்சேன்" என்றாள்.